சவரக் கத்திக்கு முதல் தோல்வார்: வாங்கிய அனுபவங்கள்

மடக்குச் சவரக் கத்தியால் மழிக்கத் தொடங்குபவர்கள், அதன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தீட்டிக்கொள்ள எந்தத் தோல்வாரை வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், என் முதல் வாருக்கு நேர்ந்ததே நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த பழைய கத்தி ஒன்று கைக்கு வந்த மகிழ்ச்சியில், அந்தக் கத்தியின் விலையைவிட அதிகம் கொடுத்துக் குதிரைத்தோல் வார் ஒன்றை வாங்கினேன். நான்காம் நாள் காலை, வாரின் கோடியில் கத்தியை முதுகின்மேல் புரட்டித் திருப்புவதற்குப் பதிலாக, அவசரத்தில் வாய்ப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். வாரின் நடுவில் பிறைபோல ஒரு வெட்டு விழுந்தது. ஓரத்தில் விழுந்த சிறு வெட்டானால் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்துவிடலாம். நடுவில் தோல் செதிலாக எழும்பி நின்றதால், ஒவ்வொரு இழுப்பிலும் கத்தி வாய் அதில் தட்டியது.

ஆகவே முதல் வார் மலிவாக இருக்கட்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கை பழகும்வரை அது வெட்டுப்படும். ஆனால் மலிவு என்பதற்காக எந்தத் தோலையும் வாங்கிவிடக் கூடாது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் பெரும்பாலும் மென்மையானது, இழுத்தால் நீள்வது. தொய்ந்த வாரில் தோல் கத்தி வாயைச் சுற்றி வளைந்து, கூர்மையை மழுக்கிவிடும். பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல் விறைப்பாக நிற்கும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நம் ஊர்களின் பழைய தொழில் என்பதால், திண்டுக்கல்லில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் சென்று, அரை மீட்டர் நீளமும் ஏழரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள வழவழப்பான துண்டு ஒன்றை வெட்டி வாங்கினேன். கத்தி வாயின் நீளம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். அதனால் இந்த அகலத்தில் முழு வாயும் ஒரே இழுப்பில் தோலில் படிகிறது. ஐந்து சென்டிமீட்டர் வாரானால், இழுக்கும்போதே கத்தியைக் குறுக்காகவும் நகர்த்த வேண்டும். அது புதிய கைக்குக் கூடுதல் சுமை.

என் வாரின் பின்புறம் தொங்கவிட்ட தடித்த பருத்தி நாடாவில் இருபது முறையும், பிறகு தோலில் ஐம்பது முறையும் மழிப்பதற்கு முன் தீட்டுகிறேன். முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் பின்தொடர வேண்டும், அழுத்தம் அறவே கூடாது. பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடு பசையை அன்றாடத் தோலில் தடவ வேண்டாம். அது உலோகத்தை அராவும் பொருள் என்பதால் அதற்குத் தனித் துண்டு வைத்துக்கொள்வதே நல்லது. இன்னொன்று: குளியலறையில் வாரை மாட்டாதீர்கள். ஐப்பசி மழையில் என் வாரில் பூஞ்சணம் பூத்தது. இப்போது காற்றோட்டமான கூடத்தில் தொங்குகிறது.

*

மேலே எழுதியவரின் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன், ஆனால் என் தொடக்கம் வேறு. வாடகை வீட்டின் சுவரில் கொக்கி அடிக்க உரிமையாளர் ஒப்பவில்லை என்பதால், மரப்பலகையில் தோல் ஒட்டிய கைப்பிடி வாரை வாங்கினேன். பலகை தொய்வதில்லை, எனவே வாரை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்ற கவலையின்றி, கத்தியைப் புரட்டுவதில் மட்டும் கருத்தைச் செலுத்த முடிந்தது. முதல் இரண்டு வாரங்கள் வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியைக் கொண்டே மெதுவாகப் பழகினேன், தோலில் ஒரு கீறலும் விழவில்லை. குறை அதன் நீளம்தான். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான தோலில் இழுப்பு தொடங்கியதுமே திரும்ப வேண்டியிருப்பதால், ஆறு மாதத்தில் தொங்கும் வாருக்கு மாறிவிட்டேன். பயணத்தின்போது பையில் வைத்துச் செல்வதற்குப் பலகை இன்றும் உதவுகிறது.