ரா கோப்பைத் 'துலக்கல்': ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

கேமராவின் உணரி (சென்சார்) பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா (raw) கோப்பைப் படமாக்கும் செயலுக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'ரெண்டரிங்' எனப்படுவதற்கு, 'வழங்கல்' என்னும் சொல்லை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார்கள். அது ரேஷன் கடையை நினைவூட்டுவது ஒருபுறமிருக்க, அச்செயலில் மென்பொருள் தானாக எடுக்கும் முடிவுகளை அச்சொல் காட்டவில்லை என்பதே என் தயக்கம்.

கானாடுகாத்தான் வீடொன்றின் வளவில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் படமெடுத்து, அந்த ஒரே கோப்பை மூன்று மென்பொருள்களில் எத்திருத்தமும் செய்யாமல் திறந்து பார்த்தேன். லைட்ரூமில் கல்லின் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து, நிழல் அழுத்தமாக விழுந்திருந்தது. டார்க்டேபிளில் அதே சிவப்பு அடங்கித் தெரிந்தது. ராதெரபியில் வந்த படம் கேமராத் திரையில் பார்த்ததற்கு மிக நெருங்கி இருந்தது. கோப்பினுள் பொதிந்துள்ள ஜேபெக் படத்தின் ஒளியளவை ஒத்துவருமாறு அது தன் வளைகோட்டை (ஒளி, நிழல் அளவுகளை மாற்றியமைக்கும் கோட்டை) அமைத்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

இவ்வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன? கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பில், உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தைத்தான் அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். எஞ்சிய இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்ப வேண்டும். 14 பிட் கோப்பிலுள்ள 16,384 படிகளை ஜேபெக்கின் 256 படிகளுக்குள் எப்படி அடக்குவது, வெண்மை எது என்பனவும் அப்போதுதான் முடிவாகின்றன. ஆத்தங்குடிக் கல்லின் மெல்லிய கோடுகளை நன்கு பெரிதாக்கிப் பார்த்தால், நிரப்பும் முறையை மாற்றியதும் ஓரங்களில் இல்லாத நிறங்கள் தோன்றி மறைவதைக் காணலாம்.

ஆகவே 'துலக்கல்' என்னும் சொல்லை முன்மொழிகிறேன். துலக்கினால் உள்ளிருப்பது வெளிப்படும்; ஆனால் எதைக்கொண்டு துலக்குகிறோம் என்பதைப் பொறுத்து மினுக்கம் மாறும். என் அப்பத்தா புளியிட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் செம்மை கலந்து ஒளிரும், சாம்பலிட்டுத் துலக்கினால் வெளிறித் தெரியும். குடம் என்னவோ ஒன்றுதான். எங்கள் பக்கம் பாத்திரம் 'விளக்குவது' என்றும் சொல்வதுண்டு, எனினும் அது பொருள் விளக்கத்தோடு குழம்பும். ஸ்டுடியோக்காரர்கள் பிலிமைக் 'கழுவுவது' என்றார்கள். அதில் தெரிவு செய்தல் என்னும் கருத்து இல்லை.

ரா என்பதற்குப் 'பச்சைக் கோப்பு' என்றால், பாதிப் புள்ளிகள் உண்மையிலேயே பச்சையாக இருக்கும் இடத்தில் வீண் குழப்பம் நேரும். 'மூலக் கோப்பு' என்பதை நிரலாளர்கள் வேறு பொருளில் ஏற்கெனவே ஆள்கிறார்கள். தமிழில் 'ரா' இரவையும் குறிக்கும். எனவே 'துலக்காக் கோப்பு', 'துலக்கி', 'துலக்கு முறை' என ஒரே வேரில் சொற்களை அமைத்துக்கொள்ளலாம். நிறம் நிரப்பும் கட்டத்தை மட்டும் 'நிறநிரப்பல்' என்று தனியே பிரித்திருக்கிறேன். 'துலக்கி' என்பது மென்பொருளைக் குறிக்கும் பெயராக மட்டுமன்றி வினையெச்சமாகவும் வருவதால், 'துலக்கான்' என்று மாற்றலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.