காம்பாக்ட் கேமரால வீட்டுக்குள்ள எடுத்தா எல்லாமே கலங்கலா வருது, அவசரம்

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே, வீட்ல எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினோம், வெளில எடுத்தா சூப்பரா இருக்கு ஆனா வீட்டுக்குள்ள பொண்ண எடுத்தா மூஞ்சி அழிஞ்ச மாதிரி வருது, 20 எடுத்தா ஒண்ணு தேறல. ஞாயித்துக்கிழமை அவ பொறந்தநாள். லென்ஸ் போச்சா இல்ல பீஸே டிஃபெக்டா? திருப்பிக் குடுக்க இன்னும் 4 நாள் தான் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கடைசிபெஞ்ச்:
என்ன மாடல்? என்ன மோடு? கலங்கல்னா எப்டி, மொத்த படமும் இழுத்த மாதிரியா, இல்ல சுவர் தெளிவா இருந்து குழந்தை மட்டும் அழிஞ்சிருக்கா, இல்ல மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாவா? மூணுக்கும் காரணம் வேற வேற. ஒரு படம் போடுங்க.

மூக்குக்கண்ணாடி:
மொதல்ல லென்ஸ தொடைங்க. சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்ல லென்ஸ்ல வெரல் படாம இருக்காது. கண்ணாடி தொடைக்கிற துணி போதும், சட்டை நுனியால மட்டும் தேச்சிடாதீங்க.

மழைக்கோட்டு:
மெமரி கார்டு ஸ்லோவா இருக்கும் பாஸ். கிளாஸ் 10ன்னு எழுதின வேகமான கார்டு போட்டு பாருங்க, எனக்கு சரியாச்சு.

கடைசிபெஞ்ச்:
கார்டு ஸ்லோன்னா அடுத்த படத்துக்கு காத்திருக்கணும், வீடியோ பாதில நிக்கும். மூஞ்சி எப்டிங்க அழியும்? லென்ஸ்ல கைரேகைன்னா அது வெயில்ல மட்டும் காணாம போயிடுமா?

மூக்குக்கண்ணாடி:
தொடைக்கறதுல என்ன நஷ்டம்னு கேக்கறேன்.

பழையரோல்:
வாரம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடல் பெட்டி அழகுக்கு வைக்கல தம்பி. சட்டைப் பையில அடங்குற ஜூம் கேமராவுல முக்காவாசிக்கு உள்ள இருக்குற சென்சார், அதான் வெளிச்சத்த வாங்கி படமாக்குற சில்லு, 6.17க்கு 4.55 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் கூட அத விட பெருசு. அதுல ராத்திரி வெளிச்சத்துல ஓடுற குழந்தைய பிடிக்கணும்னா எப்டி? ஒரு அங்குல சென்சார் வச்ச சோனி ஆர்எக்ஸ்100 2012லயே வந்தாச்சு. வாங்கறதுக்கு முன்னாடி நாலு பேர கேக்கணும், வாங்கிட்டு வந்து அழக்கூடாது.

அரைத்தூக்கம்:
ஆபீஸ்ல இருக்கேன், மாடல் நம்பர் ஞாபகம் இல்ல, மேல 40 எக்ஸ்னு (40 மடங்கு ஜூம்) போட்டிருக்கும். ஆட்டோ மோடு தான். ஃபிளாஷ் அடிச்சா அவ கண்ண மூடிக்கறா, அதனால ஆஃப். கிட்ட போனா போஸ் குடுக்க ஆரம்பிச்சுடுவா, அதனால ஹாலுக்கு இந்தக் கோடில உக்காந்து ஜூம் பண்ணி தான் எடுக்கறேன். சுவரெல்லாம் தெளிவா தான் இருக்கு.

கடைசிபெஞ்ச்:
இத மொதல்லயே சொல்லிருந்தா கார்டு வரைக்கும் போயிருக்க வேணாமே!

கேமரால கோளாறு இல்ல, ஜூம் தான். இந்த 40 எக்ஸ் ரகத்துல ஜூம் பண்ணாம இருக்கும்போது லென்ஸ் எஃப் 3.3 மாதிரி திறக்கும், முழுசா நீட்டினா எஃப் 6.9 கிட்ட போயிடும். எஃப் நம்பர் கூடினா துளை சின்னதாகுதுன்னு அர்த்தம், அதாவது முன்ன வந்த வெளிச்சத்துல கால்வாசி கூட உள்ள வராது. வெளில வெயில் கொட்டுது, தெரியாது. வீட்டுக்குள்ள பத்தலன்னு ஷட்டர ரொம்ப நேரம் திறந்து வைக்கும், அதுக்குள்ள உங்க பொண்ணு தலைய திருப்பிடுவா. ஸ்டெபிலைசர் உங்க கை ஆட்டத்த தான் சமாளிக்கும், அதனால தான் சுவர் தெளிவா இருக்கு. குழந்தை ஆட்டத்துக்கு அதுல ஒண்ணும் கிடையாது.

ஜூம முழுசா உள்ள இழுத்துட்டு எழுந்து கிட்ட போங்க. டயல்ல S அல்லது Tvன்னு இருந்தா (ஷட்டர் நேரத்த நாமளே வைக்கிற மோடு) அதுல 1/125 நொடி வைங்க, ஐஎஸ்ஓ, அதான் வெளிச்சத்த கூட்டிக் காட்டுற அளவு, 1600 வரைக்கும் போகட்டும், புள்ளி வந்தா வரட்டும், அழிஞ்ச மூஞ்சிய விட புள்ளி விழுந்த மூஞ்சி மேல். பட்டன பாதி அழுத்தி ஃபோகஸ் பிடிச்சு வச்சுட்டு, சரியான நேரத்துல மீதிய அழுத்துங்க, இல்லன்னா சிரிச்சு முடிச்ச அப்புறம் தான் படம் விழும். பகல்ல எடுத்தா ஜன்னல் பக்கம் உக்கார வைங்க. மெழுகுவத்தி ஊதறப்ப ஒரு நொடி அசையாம இருப்பா, அப்ப தொடர்ச்சியா நாலஞ்சு அடிங்க.

மழைக்கோட்டு:
இவ்ளோ கஷ்டத்துக்கு போன்லயே எடுத்துட்டு போலாம். அது பல படத்த சேத்து ஒண்ணா குடுக்குது, இருட்டுல நல்லாவே வரும், உடனே எல்லாருக்கும் அனுப்பலாம்.

சின்னத்திண்ணை:
போன் நல்லது தான், ஆனா எங்க வீட்ல கேமராவுக்குன்னு ஒரு இடம் இருக்கு. ஸ்கூல் மேடைல கடைசி வரிசைல இருந்து பையன் மூஞ்சி தெரியணும்னா இந்த ஜூம் தான், போன்ல இழுத்தா கட்டம் கட்டமா வருது. எங்க அம்மாவுக்கு போன்ல கேமரா எங்கன்னு தேடணும், இதுல பட்டன் ஒண்ணு தான். 6 வயசு பையன் கைல வார் மாட்டி குடுத்துடுவேன், போன குடுத்தா கேம் ஆடிட்டு இருப்பான். ஒரே குறை, எடுத்த படம் கார்டுலயே கிடக்கும், யாரும் இறக்க மாட்டோம்.

பழையரோல்:
ஒரு அங்குல சென்சார் வாங்கிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

அளவுகோல்:
சார், அந்த ஒரு அங்குலத்த ஸ்கேல் வச்சு பாத்திருக்கீங்களா? 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை அளந்தாலும் 16ஐ தாண்டாது, ஒரு அங்குலம் 25.4. பழைய டிவி கேமரா குழாயோட வெளி விட்டத்த வச்சு வந்த பேரு அது.

பழையரோல்:
எனக்கு தெரியும். எல்லாரும் சொல்ற பேர நானும் சொன்னேன். பரப்பளவு 4 மடங்கு, அதுக்கு பதில் சொல்லுங்க.

அளவுகோல்:
4 மடங்கு சரி, நான் இல்லைன்னு சொன்னேனா? ஆனா அந்த கேமரால முதல்ல வந்தது 3.6 எக்ஸ் ஜூம். சின்னத்திண்ணை கடைசி வரிசைல இருந்து என்ன பண்ணுவாங்க?

மூக்குக்கண்ணாடி:
கேட்டவரையே காணோம், நீங்க அங்குலத்த அளந்துட்டு இருக்கீங்க.

அரைத்தூக்கம்:
சாரி லேட். பொறந்தநாள் முடிஞ்சுது. கிட்ட போய் ஜூம் இல்லாம எடுத்தேன், எஸ் மோடு இருந்துச்சு. பாதிக்கு மேல நல்லா வந்திருக்கு, ஊதற படம் ஒண்ணு பிரமாதம். கேமராவ திருப்பிக் குடுக்கல. கடைசிபெஞ்ச் அண்ணாவுக்கு நன்றி.

கடைசிபெஞ்ச்:
சந்தோஷம். ஐஎஸ்ஓ எவ்ளோ வச்சீங்க? அந்த ஊதற படத்த போடுங்களேன்.

சின்னத்திண்ணை:
கார்டுல இருந்து இறக்கிட்டீங்களா?