மொரிஸ் மைனருக்கு நிசான் ஏ12 எஞ்சின்: செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். அப்பாவின் 1958 மொரிஸ் மைனர் இன்னும் கோண்டாவிலில் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார். அந்த 948 சிசி எஞ்சின் எங்களுக்காக எவ்வளவோ உழைத்துவிட்டது. கிராங் ஷாஃப்டில் இனிக் கடைய இடமில்லை என்று கராஜில் கையை விரித்துவிட்டார்கள்.

அதனால் பழைய நிசான் சனி (Sunny) காரில் வந்த ஏ12, 1171 சிசி எஞ்சினை அதன் கியர்பொக்ஸோடு மைனரில் இறக்க யோசிக்கிறேன். இரண்டுமே பின்சக்கர இழுவைதான். ஆனால் மவுண்டுகளைப் புதிதாக ஒட்ட வேண்டும், பின் அச்சைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளமும் மாறும். யாழ்ப்பாணத்தில் ஷாஃப்டை வெட்டி, பலன்ஸ் பார்த்துத் தருபவர்கள் இருக்கிறார்களா?

என் பெரிய கவலை பிறேக். முன்னால் இருப்பது 7 அங்குல டிரம். பிற்காலத்தில் வந்த 1098 சிசி மைனரின் 8 அங்குல டிரம் போதுமா, டிஸ்க்தான் போட வேண்டுமா? அப்புறம், மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் எர்த். ஒல்டர்நேட்டருக்காக அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியவர்கள் வயரிங்கில் என்னென்ன செய்தீர்கள்?

எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றிய அனுபவத்தையும் சொல்லுங்கள். பழைய எஞ்சினை விற்க மாட்டேன், அது வீட்டிலேயே இருக்கும்.