சுண்டெலி மூளையில் பிஜிடி2 அளவு ஒரே குழுவுக்குள்ளேயே தாறுமாறாக வருகிறது: எங்கே பிழை?

கேள்வி – தூக்கக்கணக்கு

ஜப்பானிய உயிர்வேதியியலாளர் ஒசாமு ஹயாய்ஷி குழுவின் பழைய வேலையை அடிப்படையாக வைத்து ஒரு சிறிய சோதனை. புரோஸ்டாகிளாண்டின் (கொழுப்பமிலத்திலிருந்து உடல் உருவாக்கும் சைகைப் பொருள்) வகையில் டி2, அதாவது பிஜிடி2, தூங்க வைக்கிறது, ஈ2 விழிக்க வைக்கிறது என்ற அவர்களுடைய முடிவை எடுத்துக்கொண்டு, 6 மணி நேரம் தூக்கம் கெடுத்த சுண்டெலிகளின் மூளையில் இரண்டையும் அளக்கிறோம். தலை துண்டிப்பு, மூளையை எடுத்து திரவ நைட்ரஜனில் போடுதல், பிறகு பாஸ்பேட் கரைசலில் அரைத்து எலைசா (எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் முறை). தூக்கம் கெடுக்காத குழுவிலேயே ஒரு விலங்குக்கும் அடுத்ததற்கும் நான்கு மடங்கு வித்தியாசம். டி2 ஏறிய மாதிரிகளில் ஈ2-வும் சேர்ந்தே ஏறுகிறது. மாதிரிகளை -80 டிகிரியில்தான் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் புரியவில்லை. மூளையில் டி2-வை உருவாக்கும் எல்-பிஜிடிஎஸ் நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலி சாதாரணமாகத்தான் தூங்குகிறது என்கிறார்கள். அப்படியானால் டி2 தூக்கத்துக்குத் தேவையே இல்லையா?

பதில் 1 – கொழுப்பமிலம்

நீங்கள் அளப்பது தூக்கத்தை அல்ல, தலை துண்டித்ததிலிருந்து நைட்ரஜனில் போட்டது வரை ஓடிய நொடிகளை. இரத்த ஓட்டம் நின்றதும் செல்சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் பெருகி வெளியேறும். சைக்ளோஆக்சிஜனேஸ் (காக்ஸ்) நொதி அதைப் பிஜிஎச்2 என்ற முன்பொருள் ஆக்கும், அங்கிருந்து எல்லாக் கிளைகளும் ஓடும். எலி, சுண்டெலி மூளையில் டி2-தான் முதன்மையான புரோஸ்டாகிளாண்டின் என்பதால் அது முதலில் குதிக்கிறது, ஈ2 பின்தொடர்கிறது. இரண்டும் சேர்ந்தே ஏறுவதுதான் இதற்கு அடையாளம். கபாலத்தைத் திறக்க ஒருவர் 40 நொடி, மற்றவர் 90 நொடி எடுத்தால் உங்கள் நான்கு மடங்கு கிடைத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு கொடுத்துக் கொன்றால் நிலைமை இன்னும் மோசம், ஆக்சிஜன் குறைவு அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

சரியான வழி, தலையில் குவிக்கும் மைக்ரோவேவ் கருவி. ஒரு நொடியையொட்டிய நேரத்துக்குள் மூளை வெந்து நொதிகள் செயலிழந்துவிடும். அதன் பிறகு நிதானமாகப் பிரித்தெடுக்கலாம். இந்த ஆய்வுக்கென்றே செய்த கருவியாக இருக்க வேண்டும். சமையலறை அடுப்பில் இது நடக்காது. சக்தி போதாது, கதிரும் குவியாது, விலங்குக்கும் கொடுமை. ஒரு இழப்பு உண்டு: அதே மூளையில் நொதியின் செயல்திறனை அளக்க முடியாது, அதற்குத் தனி விலங்குகள் வேண்டும்.

கருவி இல்லையென்றால், விலங்குக்கு எதுவும் கொடுக்காமல் அரைக்கும் கரைசலில் சைக்ளோஆக்சிஜனேஸைத் தடுக்கும் இன்டோமெதசின் சேருங்கள், 10 மைக்ரோமோலார் போதும். அரைக்கும்போது உருவாவதை அது தடுக்கும். தலை துண்டித்தபோதே உருவானதைத் தடுக்காது, அந்த எல்லையைக் கட்டுரையில் எழுதிவிடுங்கள். பாஸ்பேட்டை விட்டுவிட்டு, ஈர எடையைப் போல 10 மடங்கு பனிக்குளிர் மெத்தனாலில், 0.005 சதவீதம் பிஎச்டி (BHT, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) சேர்த்து அரையுங்கள். உறைந்த திசுவை உருக விடாமல் நேரே கரைப்பானுக்குள் போட வேண்டும். மேசையில் வைத்து எடை பார்க்கும் ஒரு நிமிடத்தில் ஓரங்கள் உருகி எல்லாம் வீணாகும்.

பதில் 2 – நிறைமாலை

மேலே சொன்னது முதல் பாதி. அடுத்த பாதி எலைசா. டி2 நீரில் நிலையற்றது. அல்புமின் இருந்தால் நீர் இழந்து ஜே2 வரிசைப் புரோஸ்டாகிளாண்டின்களாகிவிடும். மூளைத் திசுவிலும் பிளாஸ்மாவிலும் அல்புமின் இருக்கிறது. எலைசாதான் வேண்டும் என்றால் மெத்தாக்சிலமீன் கொண்டு மெத்தாக்சைம் வடிவமாக மாற்றி, அதற்கென்று வரும் கிட்டை வாங்குங்கள். மாற்றாமல் அளந்தால் குறுக்கு வினையும் சிதைவும் சேர்ந்து என்ன எண் வருகிறதோ அதுதான்.

முடிந்தால் எல்சி-எம்எஸ் (பத்தி என்ற குழலில் பொருள்களைப் பிரித்து, நிறைமானியில் நிறையை அளக்கும் முறை). டிடீரியம் (கன ஹைட்ரஜன்) அணு நான்கு ஏறிய டி2-வையும் ஈ2-வையும் 1 நானோகிராம் வீதம் அரைக்கும்போதே சேர்த்துவிடுங்கள், பிரித்தெடுத்த பின்பு அல்ல. அப்போதுதான் வழியில் இழந்தது கணக்கில் வரும். மெத்தனாலை 10 சதவீதத்துக்குக் கீழே நீரில் நீர்த்து, பிஎச் 3.5-க்குக் கொண்டுவந்து, சி18 பிரித்தெடுப்புக் குழலில் ஏற்றி, நீராலும் ஹெக்சேனாலும் கழுவி, மெத்தில் பார்மேட்டால் இறக்குங்கள். நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தலாம். அமிலத்தில் நீண்ட நேரம் விட்டுவைத்தால் ஈ2, ஏ2 என்ற வேறு புரோஸ்டாகிளாண்டின் ஆகிவிடும், காரத்தில் பி2 ஆகிவிடும். ஆகவே அமிலமாக்கிய உடனே ஏற்ற வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குவார்கள்: டி2-வும் ஈ2-வும் ஒரே நிறை. இரண்டும் நிறையெண் 351-இலிருந்து 271, 189 என்று அதே துண்டுகளாக உடைகின்றன. நிறைமானியால் இவற்றைப் பிரிக்க முடியாது, பத்தியால்தான் முடியும். சி18-இல் ஈ2 முன்னால், டி2 பின்னால் வரும். சிகரங்களின் அடிப்பாகம் ஒட்டியிருந்தால் சாய்வு ஓட்டத்தை மெதுவாக்குங்கள். ஐசோபுரோஸ்டேன்களும் (நொதியின்றி ஆக்சிஜனேற்றத்தால் உருவாகும் ஒத்த பொருள்கள்) அதே 351-இல் ஒளிந்திருக்கும், அடித்தளக் கோட்டில் ஒரு சிறிய தோள் தெரிந்தால் அதை ஈ2 கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் 3 – மூன்றாம்அறை

மரபணு நீக்கிய சுண்டெலி பற்றி. எல்-பிஜிடிஎஸ் இல்லாத சுண்டெலியின் அன்றாடத் தூக்கம் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் 6 மணி நேரம் தூக்கம் கெடுத்தால், இழந்ததை ஈடுகட்டும் என்ஆர்இஎம் தூக்கம் (கண்கள் வேகமாக அசையாத தூக்க நிலை) அதற்கு வருவதில்லை. டி2 பற்றிக்கொள்ளும் டிபி1 ஏற்பி இல்லாத சுண்டெலியிலும் அப்படியே. பிறவியிலேயே இல்லாத ஒன்றை மற்றப் பாதைகள் ஈடுசெய்துகொள்ளும். வளர்ந்த விலங்கில் நொதியைத் திடீரென்று தடுத்தால் கதை வேறு. 1991-இல் எலியின் மூன்றாம் மூளையறைக்குள் இந்த நொதியைத் தடுக்கும் செலினியம் டெட்ராகுளோரைடு செலுத்தியபோது தூக்கம் குறைந்தது. குளுட்டாதயோன் சேர்த்துச் செலுத்தினால் அந்த விளைவு நீங்கியது. பிறகு சுண்டெலியில் இன்னும் கூர்மையாகப் பார்த்தார்கள்: எல்-பிஜிடிஎஸ்ஸோ டிபி1-ஓ இல்லாததில் அதே வேதிப்பொருள் தூக்கத்தைத் தொடவில்லை. ஆகவே "தேவை இல்லை" என்ற முடிவுக்கு இடமில்லை. உங்கள் சோதனை தூக்கம் கெடுத்தலை மையமாக வைத்திருப்பது நல்ல தேர்வு.

செலினியம் உப்பைத் தொடுவதாக இருந்தால் கவனம். தண்ணீர் பட்டதும் செலினியஸ் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமுமாக உடையும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே பிஎச் உள்ள கரைசல் கொடுக்காவிட்டால் அமிலத்தின் எரிச்சலையே தூக்கமின்மை என்று எழுதிவிடுவீர்கள்.

கட்டுப்பாட்டு விலங்குகளை எந்த நேரத்தில் கொல்கிறீர்கள் என்று எழுதவில்லை. எலியின் மூளைத்தண்டுவடத் திரவத்தில் டி2 பகலில், அதாவது அவை தூங்கும் நேரத்தில், கூடுதலாக இருக்கும். தூக்கம் கெடுத்தவற்றை மதியமும் மற்றவற்றைக் காலையும் எடுத்தால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

தூக்கக்கணக்கு

நேரத்தை இரு குழுவுக்கும் ஒன்றாக்குகிறோம். அடுத்த கட்டத்தில் டி2-வை மூளைக்குள் செலுத்தி இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) பார்க்க எண்ணம். அறுவைக்குப் பின் வலிக்கு கார்புரோஃபென் கொடுக்கலாமா?

பதில் 4 – மூன்றாம்அறை

கொடுக்கலாம், விலங்கை வலியில் விடக் கூடாது. ஆனால் அது டி2, ஈ2 இரண்டையும் உருவாக்கும் வழியிலுள்ள சைக்ளோஆக்சிஜனேஸையே தடுக்கிற மருந்து. முதல் ஓரிரு நாளுக்குள் முடித்துவிட்டு, இஇஜி பதிவுக்கு முன் 10 நாளாவது இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி இன்னொரு காரணத்துக்கும் வேண்டும்: குழாய் செருகிய காயத்தைச் சுற்றி அழற்சி. அங்கே காக்ஸ்-2 (அழற்சியில் ஏறும் சைக்ளோஆக்சிஜனேஸ் வகை) ஏறி ஈ2 சுரக்கும், அழற்சிச் சைகையான இன்டர்லூகின்-1 பீட்டா தன் பங்குக்குத் தூங்க வைக்கும். செயற்கை மூளைத்திரவத்தில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) இருந்தாலும் இதே விளைவு வரும், சாதாரணக் காய்ச்சி வடித்த நீர் போதாது. உடல் வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள். வெப்பம் ஏறியிருந்தால் அது அழற்சி, உங்கள் டி2 அல்ல.

செலுத்தும் இடம்தான் முக்கியம். டிபி1 ஏற்பிகள் நரம்புச் செல்களில் அல்ல, முன்மூளையின் அடிப்பகுதியைப் போர்த்திய மென்மையான மூளையுறையில் குவிந்திருக்கின்றன. அங்கே டி2 சேர்ந்தால் அடினோசின் ஏறுகிறது, அடினோசினின் ஏ2ஏ ஏற்பி வழியே விஎல்பிஓ (முன்மூளை அடிப்பகுதியின் தூக்க மையம்) நரம்புகள் தூண்டப்பட்டு ஹிஸ்டமின் சுரக்கும் விழிப்பு மையத்தை அடக்குகின்றன. காபியின் விழிப்பும் இந்த ஏ2ஏ-வைத் தடுப்பதால்தான். ஊசி முனை மூளைத் திசுவுக்குள் புதைந்துவிட்டால் விளைவு பலவீனமாகும். முனை உறைக்கடியில், திரவம் இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். இரவில், விலங்கு விழித்திருக்கும் நேரத்தில், சில மணி நேரம் தொடர்ந்து மெதுவாகச் செலுத்துங்கள். பகலில் ஏற்கெனவே தூங்கும் சுண்டெலியை மேலும் தூங்க வைத்துக் காட்டுவது கடினம். டி2 கரைசலை அன்றன்று தயாரியுங்கள், அல்புமின் சேர்க்காதீர்கள்.

பதில் 5 – கொழுப்பமிலம்

ஒரு சின்ன எச்சரிக்கை. டி2 நல்லது, ஈ2 கெட்டது என்று அறிமுகத்தில் எழுதிவிடாதீர்கள். அதே டி2 தன் இன்னொரு ஏற்பியான டிபி2 வழியாக இயோசினோபில் என்ற வெள்ளணுக்களை இழுத்து ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மனிதரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று 1994-இல் வந்த முடிவையும் டி2-வுக்கான சான்றாகக் காட்டாதீர்கள். அந்த மருந்துகள் முந்தைய படியான சைக்ளோஆக்சிஜனேஸையே அடைப்பதால் டி2, ஈ2 இரண்டுமே குறைகின்றன, உடல் வெப்பமும் மாறுகிறது. எது காரணம் என்று பிரிக்க முடியாது.

மனித உயிர் மாதிரி ஏதாவது சேர்க்க நினைத்தால் சீரத்தைத் தவிர்த்துவிடுங்கள், இரத்தம் உறையும்போதே தட்டணுக்கள் புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கிவிடும். சிறுநீரில் டி2 சிதைந்து வரும் டெட்ராநார் வளர்சிதைப் பொருளைப் பாருங்கள். அது உடல் முழுவதற்குமான கணக்கு, மூளையைத் தனியாகக் காட்டாது.