தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸ் போகிறோம், உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். டர்பனிலிருந்து 11 பேர், அதில் 3 பேர் வயதானவர்கள், தைப்பூசத்துக்கு மொரீஷியஸ் போகிறோம். அங்கே போய்வந்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

காவடி அங்கே அரசு விடுமுறை நாள். கொடியேற்றத்திலிருந்து 10 நாள் விரதம். எங்களுக்குப் பார்க்க மட்டும்தான் ஆசை. ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி நிற்கக் கூடாது. அலகு குத்தும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறார்களே, அது வேண்டாம். காவடியில் தொங்கும் பால் செம்பு தளும்பாமல் போக வழிவிட்டு, ஓரமாக நடந்தால் போதுமா? வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும், வெறுங்காலோடு பெரியவர்களால் நடக்க முடியாது. அதனால் குவாத்ர் போர்னில் கோர் த கார்த் மலையடிவாரக் கோயிலா, போர்ட் லூயியில் கைலாசம் கோயிலா, எது சுலபம்?

அது புயல் காலம் (நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை). 3ஆம் நிலை எச்சரிக்கை வந்தால் பஸ் ஓடாது. திரும்பும் விமானத்துக்கு முன்னால் 2 நாள் விட்டிருக்கிறோம், போதுமா?

கடலுக்கு முழுக்கைச் சட்டைதான் எடுத்துப் போகிறோம். சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ரசாயனம் பவளத்தைக் கெடுக்கும். கல்மீன் (கல் மாதிரிக் கிடக்கும் நச்சு முள் மீன்), கடல் முள்ளெலி குத்தாமல் ரப்பர் செருப்பும் உண்டு, மணலில் மட்டும் மிதிக்க. சிப்பி, பவளம் பொறுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. டால்பின்களைச் சுற்றி வளைக்காத படகுக்காரர் தமரின் பக்கம் யாராவது உண்டா?

போர்ட் லூயியில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ துறையைப் பார்க்க எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம்? அவர்கள் ஏறிவந்த அந்த 16 படிகளையும் அவசரமாகப் பார்க்க மனசில்லை.