யாளியைப் பார்த்து வரைந்தால் நகலாகவே வருகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. துணிகளுக்கு டிசைன் வரைவது என் தொழில். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலை வைத்து ஆறு பருத்தித் துப்பட்டாக்களுக்கு டிசைன் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்த மணற்கல் கோயிலுக்கு இரண்டு முறை போய், தூண்களில் எழுந்து நிற்கும் யாளிகளை விதவிதமாகப் படம் எடுத்து வந்தேன். அப்புறம் வரைய உட்கார்ந்தால் வருவதெல்லாம் படத்தின் நகல்தான். பிடரி மயிரின் சுருள்கூட அப்படியே. 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வரைந்தவர்கள் அதிலிருந்த குறைகளையும் சேர்த்தே வரைந்தார்கள். என் நிலைமையும் அதுதான்.

நம் நெசவாளர்கள் இதை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்! பட்டுக் கரையில் வரும் கோபுரம் வெறும் முக்கோண வரிசை, ஆனாலும் பார்த்ததும் கோபுரம் என்று தெரிந்துவிடும். மயில்கண்ணில் மயிலே இல்லை, கண் மட்டும்தான். எதை விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது பிடிபடவில்லை.

போன வாரம் படங்களை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். ஒன்று தேறியது: யாளி எழுந்து நிற்கும் முதுகு வளைவு மட்டும், ஒரே கோட்டில்.

நீங்கள் எந்தக் கட்டத்தில் மூலத்தைப் பார்ப்பதை நிறுத்துகிறீர்கள்? தறி வேலை தெரிந்தவர்கள் இருந்தால், புட்டா (துணியில் நெய்யும் சிறு உருவம்) வரையும்போது எதை முதலில் எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் ஆரம்பக் கிறுக்கல்களைப் படமாகப் போட்டால் இன்னும் உதவியாக இருக்கும். மாதக் கடைசிக்குள் முதல் இரண்டு டிசைன்களைக் கொடுத்தாக வேண்டும்.