வீட்டில் ஃப்ளூ: காற்றை எப்படி வெளியே தள்ளுவது?

செங்கோட்டையில் இருக்கிறோம். கணவருக்கு திங்கள்கிழமை முதல் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்புவலி. பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ. டாக்டர் ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் மருந்து கொடுத்திருக்கிறார். பயமெல்லாம் அத்தைக்காகத்தான், 70 தாண்டியவர், ஆஸ்துமா வேறு.

கணவரைத் தனி அறையில் வைத்தாயிற்று. உள்ளே போனால் என்95 மாஸ்க், வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுகிறேன். பாத்ரூம் ஒன்றுதான், மாஸ்க்கோடு அவர் கடைசியாகப் போகிறார்.

சிக்கல் காற்றில்தான். அந்த அறைக்கு மேற்கே ஒரே ஜன்னல். சாரல் காலம் ஆச்சே, ஆரியங்காவுக் கணவாய்க் காற்று உள்ளே அடிக்கிற வேகத்தில் கதவுக்கு அடியில் திணித்த துணியே ஹாலுக்குள் வந்துவிடுகிறது. அத்தை படுப்பதும் ஹாலில்தான். ஜன்னலைச் சாத்தினால் அறைக் காற்று அப்படியே தேங்கி நிற்கிறது.

அந்த ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால், எதிர்க்காற்றை மீறி அறைக் காற்றை வெளியே தள்ளுமா?